ஒற்றைக் காதில் பாதிப் பாட்டு

அந்த லாண்டரியில் அவருக்கு ஒத்தக்காது என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். இடது காதில் இயர்போன் மாட்டியிருக்கும். வலது காதுக்கு உரியது சட்டைப் பைக்குள் கிடக்கும். வலது காது செவிடு என்று பாதிப் பேர் முடிவே கட்டிவிட்டார்கள். புதிதாக வந்த சூப்பர்வைசர் அந்தக் காதருகே குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி, "ஓரத்து டேபிளுக்குப் போங்க!" என்று கத்தினார். ஒத்தக்காது நிதானமாக, "நல்லாவே கேக்குது சார். அந்தக் காது சும்மாதான் இருக்கு" என்றார். சூப்பர்வைசருக்கு அது நக்கலாகப் பட்டது. அதன் பிறகு இன்னும் சத்தமாகத்தான் பேசினார்.

காது சும்மா இருப்பதற்குக் காரணம் உண்டு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனிதர் சொல்கிற ஆளும் இல்லை. ஏதாவது கேட்டால் ஒரு சிரிப்பு, உடனே கை அடுத்த சட்டைக்குப் போய்விடும்.

ஹோட்டல் ஊழியர்களின் சட்டைகளுக்கு நீராவிப் பெட்டியால் இஸ்திரி போடுவது அவருடைய வேலை. காலர், தோள், கை, கடைசியாக முதுகு. அவர் மனைவி, லாண்டரியைத் தாண்டி ஒரு தையல் யூனிட்டில் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். "நான் ஓட்டை போடறேன், நீங்க சூடு வைக்கறீங்க. சட்டை என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்பாள். அவர் சிரிப்பார். இதையே எத்தனை முறை சொன்னாலும் சிரிப்பார்.

காலையில் இரண்டு பேருக்கும் ஒரே பஸ், ஒரே இயர்போன். ஜன்னலோரம் அவர், அவருக்கு வலப்பக்கம் அவள். இடது காதுக்கானது அவருக்கு, வலது காதுக்கானது அவளுக்கு. ஆளுக்கொரு ஓரத்துக் காது என்பதால் ஒயர் எட்டாது. தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்தால்தான் எட்டும். உள்பக்கத்துக் காதுகளில் மாட்டிக்கொண்டால் வசதியாக இருக்குமே என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. வாயைத் திறக்கவில்லை. அவளுக்கும் தோன்றியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். அவளும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் பாட்டு வைக்க முடியாது. லேசாகச் சத்தம் வந்தாலே கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். அந்த மனிதருக்குக் காது அவ்வளவு கூர்மை. அதனால் அவர்களுக்குப் பாட்டு என்றால் பஸ்தான்.

அதிலும் ஒரு பாட்டு. யாரோ ஒருவன் மழைக்கு ஒதுங்கி நின்றபடி, சாவகாசமாகப் பாடுகிற பாட்டு. நடுவில் ஓர் இடத்தில் அவன் நிறுத்திவிடுவான்; வாத்தியங்களும் அடங்கிவிடும்; அவர் காதில் மெல்லிய தாளம் மட்டும் ஓடும். அந்த இடத்தில்தான் பக்கத்திலிருந்து அவள் முனகுவாள். வாயைத் திறக்காமல், "ம்ம்ம்" என்று, நீளமாக, பஸ்ஸில் வேறு யாருக்கும் கேட்காத அளவுக்கு. பாட்டுக்காரன் விட்டுவைத்த காலி இடத்தை நம்ம வீட்டுக்காரி நிரப்புகிறாள் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. ஒரு தடவையாவது, நல்லா இருக்குடி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆயுசு கிடக்கிறது, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நாமெல்லாம் இருப்பதுபோல அவரும் இருந்துவிட்டார்.

போன மழைக்காலத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

பிள்ளை குட்டி இல்லை. போட்டோக்கள் இருந்தன, கல்யாணத்தில் எடுத்தது, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் எடுத்தது, பஸ் பாஸுக்காக எடுத்த பேயறைந்த மாதிரியான படம். முகத்துக்குக் குறைவில்லை. குரல்தான் எங்கேயும் இல்லை. செல்போனைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடியும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவள் குரல் இந்த உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே இடம் அவர் மண்டைதான்.

தினமும் பஸ்ஸில் அந்தப் பாட்டை வைப்பார். வலது காதுக்கானதைத் தொட மாட்டார், அது அவளுடையது. அந்த இடம் வரும்போது தாளம் மட்டும் ஓடும், அவர் மனதுக்குள் முனகலைக் கூப்பிடுவார். சில நாள் வரும். சில நாள் வராது. வராத நாளில் காலரெல்லாம் கோணிக்கொள்ளும். ஒருநாள் அடியோடு வராமலே போய்விடும் என்கிற பயம்தான் அவரைத் தின்றுகொண்டிருந்தது. அப்படிப் போனால், அவள் போனது அன்றைக்குத்தான் என்று நினைத்துக்கொள்வார்.

இஸ்திரிக் கூடத்தில் 'பாட்டு முறை' என்று ஒன்று உண்டு. எதிரெதிர்ச் சுவர்களில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. ஒவ்வொரு நாளும் ஒருவருக்குப் பிடித்த பாட்டுகள் ஓடும். ஆனால் சும்மா ஓடாது. ஒரு பாட்டுக்காவது கதை சொல்லியாக வேண்டும். இது யார் ஞாபகம், எந்த நாளின் ஞாபகம் என்று. உருளை மெஷினில் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிறவர் ஒரு சோகப் பாட்டை வைத்து, அது தன் சைக்கிள் தொலைந்த நாளில் கேட்டது என்றார். இன்றைக்கும் அந்தப் பாட்டு வந்தால் எல்லோரும் சைக்கிளுக்காக உச்சுக் கொட்டுவார்கள்.

முறையை நடத்துவது மடிப்பு அக்கா. விரிப்புகளை மடித்து அடுக்குகிற அம்மாள். ஒத்தக்காது அவரை அக்கா என்பார், அவர் ஒத்தக்காதை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்பது இரண்டு பேரும் கட்டிக்காக்கிற ரகசியம்.

தன் முறை வரும்போதெல்லாம், "எனக்கு வேணாம்க்கா, அடுத்தவங்களுக்குக் குடுங்க" என்று ஒத்தக்காது நழுவிவிடுவார். அன்றைக்கு அக்கா விடவில்லை.

"அண்ணே, உங்க முறையெல்லாம் அந்த உருளை மெஷின்காரர் தின்னுட்டிருக்கார். சைக்கிளுக்கு அழுது அழுது எங்க கண்ணு வத்திப்போச்சு. இன்னிக்கு நீங்கதான்" என்று கையை நீட்டினார்.

அவர் அரை மனசாகப் போனைக் கொடுத்தார். கதை கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தார். பிடித்த பாட்டு என்று அதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

பாட்டு ஓடியது. அவர் ஒரு சட்டையின் முதுகை விரித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தார். மழைக்கு ஒதுங்கியவன் பாடி, நிறுத்தினான். வாத்தியங்கள் அடங்கின. வலப்பக்கத்துச் சுவரிலிருந்து ஒரு பெண் முனகினாள்.

அவருக்குக் கை நின்றுவிட்டது. "ம்ம்ம்" என்று, வாயைத் திறக்காமல், நீளமாக. சட்டை கருகும் வாசனை எழுந்தது. அது அவருக்கு உறைக்கவில்லை.

"அக்கா, நீங்களா பாடினீங்க?"

"நானா? பாட்டுல வருதுண்ணே."

"இல்ல. இதுல அது கிடையாது. நான் தினம் கேக்கறேன்."

"ஒரு காதுல கேட்டா பாதிதானே வரும்? இந்த முனகல் இன்னொரு காதுப் பக்கத்துல மட்டும் வரும்" என்று அக்கா சிரித்தார். "இத்தனை வருஷமா அரைப் பாட்டைக் கேட்டுட்டு இருந்தீங்களா?"

கூடமே கொல்லென்று சிரித்தது. பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? ஒத்தக்காதும் உதட்டளவில் சிரித்துவைத்தார். பெட்டியைத் தூக்கினார். சட்டை முதுகில் பழுப்பாக ஒரு முக்கோணம். எத்தனையோ வருஷத்தில் அவர் கருக்கிய முதல் சட்டை. பாட்டுக்கான கதையை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அழுக்கு மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். டப்பாவைத் திறக்கவில்லை. அவள் தானாக இட்டுக்கட்டியது என்று நம்பினாரே, அது அவளுடையது இல்லை. முகம் தெரியாத எவளோ ஒருத்தி கூலிக்கு வந்து முனகிவிட்டுப் போயிருக்கிறாள். அவர் மனைவி வலது காதில் அதைக் கேட்டுக் கூடவே முனகியிருக்கிறாள், அவ்வளவுதான். இருந்தது அது ஒன்றே ஒன்று. அதையும் பிடுங்கிக்கொண்டார்களே. யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

மாலை பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து வலது காதுக்கானதை எடுத்தார். வெகுநேரம் விரலிடுக்கில் வைத்திருந்தார். பிறகு, திருடுகிறவரைப் போலச் சுற்றிலும் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

முனகல் வந்தது. வீம்புக்கு மறுபடியும் வைத்தார். மறுபடியும் வந்தது. ஏதோ இடித்தது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கடைசியில் ஏறுகிறாளே? இந்தப் பெண் கடைசியில் மேலே, இன்னும் மேலே போய் நிறுத்துகிறாள். அவர் மனைவிக்கு அங்கே எட்டாது. எட்டாது என்று அவளுக்கே தெரியும். பாதியில் கீழே இறக்கிவிடுவாள். இறக்கிய கையோடு லேசாக ஓர் இருமல். அப்புறம் ஜன்னலைப் பார்ப்பதுபோல அவரைப் பார்ப்பாள்.

அவர் சட்டென்று இரண்டையும் காதிலிருந்து பிடுங்கினார். இன்னும் நாலைந்து தடவை கேட்டால் அந்தச் சரியான முனகல் வந்து உட்கார்ந்துகொள்ளும், மனைவியுடையது அழிந்தே போகும். ஸ்டாப் வரும்வரை உதட்டை இறுக்கிக்கொண்டு, ஏறாமல் இறங்குகிற அந்த முனகலை உள்ளுக்குள் திருப்பித் திருப்பி ஓட்டினார். இறங்கித் தெருவில் நடக்கும்போதும் ஓட்டினார். எதிரே வந்த கீழ்வீட்டுக்காரர் ஏதோ கேட்டதற்குப் பதில்கூடச் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் கொட்டிவிடும் என்று பயம்.

மறுநாள் கூடத்தில் வேறு யாருடைய முறையோ. பாட்டு இன்னும் தொடங்கவில்லை. மடிப்பு அக்கா விரிப்பின் இரண்டு முனைகளைச் சேர்த்தபடி தன்போக்கில் முனகிக்கொண்டிருந்தார். நேற்றுக் கேட்டது ஒட்டிக்கொண்டுவிட்டது. "ம்ம்ம்" என்று போய், கடைசியில் மேலே, இன்னும் மேலே.

ஒத்தக்காது பெட்டியை நிறுத்திவிட்டுக் கூடத்தைத் தாண்டிப் போனார். அவராக அந்தப் பக்கம் போய் யாரும் பார்த்ததில்லை.

"அக்கா."

"என்னண்ணே, இன்னொண்ணும் கருகிடுச்சா?"

"இல்ல. அதைப் பாடுறீங்கல்ல... கடைசில மேல போகாதீங்க."

"பாட்டுல மேலதானே போகுது?"

"பாட்டுல போகுது. எங்க வீட்டுக்காரி போக மாட்டா. அவளுக்கு எட்டாது. கீழ எறக்கிடுவா."

அக்கா கையிலிருந்த விரிப்பை அப்படியே வைத்தார். சிரிக்கவில்லை. "எப்படின்னு பாடிக் காட்டுங்க" என்றார்.

பிறந்ததிலிருந்து அவர் பாடியதில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு முனகினார். எண்ணெய் போடாத கதவு போல இருந்தது. அக்கா தொடர்ந்து முனகினார். "இல்லக்கா, இன்னும் கொஞ்சம் கீழ" என்றார் இவர். அக்கா மறுபடி முயன்றார். "அவ்வளவு வேணாம். அவ பாதில விட்டுடுவா. அப்புறம் லேசா இருமுவா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். முனகி, ஏறப் போய், பாதியில் இறங்கி, லேசாக இருமினார்.

குரல் அவள் குரல் இல்லை. கிட்டத்தில்கூட இல்லை, அக்காவுடையது கட்டைக் குரல். ஆனால் இறங்கிய இடம் அச்சு அசலாக அதே இடம். இத்தனை நாளும் அவர் ஒருவரிடம் மட்டும் இருந்தது, இப்போது இன்னொருவர் வாயிலிருந்து வெளியே வந்து காற்றில் கேட்டது. ஒத்தக்காது, மடித்து வைத்திருந்த விரிப்பு அடுக்கைப் பிடித்துக்கொண்டார்.

"சரியாண்ணே?" என்று அக்கா கேட்டார்.

அவர் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னொரு தடவை பாடுங்கக்கா" என்றார்.