ஒன்பது நாளில் கற்ற கிட்டார்

ஜப்பான்காரன் காலத்தின் இரண்டாவது வருடம், சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் என் பெயர் வந்தது. நான் வேலை பார்த்த அச்சகம் மூடிக் கிடந்தது. என் மனைவிக்கு ஆறு மாதம். எங்கள் பிரிக்பீல்ட்ஸிலிருந்து சயாம் போனவர்களில் ஒருவரிடமிருந்தும் சேதி வரவில்லை.

ஒரே வழிதான் தெரிந்தது. ராணுவ அதிகாரிகளின் கிளப்பில் வாசித்த குழுவின் கிட்டார்காரர் காய்ச்சலில் இறந்துபோயிருந்தார். குழுவில் சேர்ந்தால் ஒரு சீட்டு கொடுப்பார்கள். சீட்டு உள்ளவனைச் சயாம் போகும் லோரியில் ஏற்றமாட்டார்கள். பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. எனக்குத் தெரிந்ததோ தந்திகளை மொத்தமாக வருடிப் பாட்டுக்குத் துணை போவது மட்டும். அவர்களுக்கு ஒவ்வொரு தந்தியாக மீட்டி மெட்டு வாசிப்பவன் வேண்டும்.

பக்கத்து வீட்டு யுரேஷியப் பெண்மணிக்கு அது கைவந்திருந்தது. என் வயதுதான், கணவர் சிறையில். கெஞ்சினேன். கொம்புச் சீப்பை வெட்டி, தந்தியை மீட்ட எனக்கொரு பிக் செய்து கொடுத்தார்.

"கீழ ஒண்ணு, மேல ஒண்ணு லா. ஒரே பக்கமா அடிச்சா கை பிந்திப் போயிடும். மணிக்கட்டு மட்டும் ஆடணும். தோள ஏன் தூக்குறீங்க?"

பயத்தில் தூக்கினேன். அறுந்த தந்திக்குப் பதில் சைக்கிள் பிரேக் கம்பியில் உரித்த இழை. விரல் நுனிகள் கிழிந்தன. ஐந்தாம் நாள் வேகம் கூட்டியதும் பிக் தந்தியில் சிக்கிச் சிக்கி நின்றது. அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

"ரொம்ப உள்ள விடுறீங்க. நுனி மட்டும் தொட்டா போதும்," என்றார்.

துணிக்கடை வேலை போய், மனைவியின் தம்பி எங்களோடு தங்கியிருந்தான். இருபத்திரண்டு வயது. அன்று மாலை கேட்டான்.

"மச்சான், எனக்கும் கொஞ்சம் காட்டுங்களேன். நானும் போய்க் கேட்டுப் பாக்குறேன்."

"ஒரு கிட்டார்தான்டா இருக்கு. நான் முதல்ல தேறிக்கிறேன்."

சரி என்றான். சமையற்கட்டில் இருந்த என் மனைவிக்கும் அது கேட்டிருக்கும்.

பரீட்சையில் ஓர் அதிகாரி ஒரு மெட்டை முனகினார். திருப்பி வாசித்தேன். இரண்டு இடத்தில் தவறியது; நிறுத்தாமல் போனேன். சீட்டு கிடைத்தது.

மறு வாரம் லோரி வந்தது. பட்டியலில் என் இடத்துக்குச் சீட்டில்லாத மச்சினனை ஏற்றினார்கள். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். "அவன விடுங்க, நான் வரேன்" என்று சொல்ல வாய் திறக்கவில்லை. அவன்தான், "அக்காவப் பாத்துக்குங்க மச்சான்," என்றான்.

சண்டை முடிந்து ஆட்கள் திரும்பிய வாரங்களில், என் மனைவி குழந்தையோடு தினமும் ஸ்டேஷனுக்குப் போனாள். அவனோடு ஒரே கொட்டகையில் இருந்தவர் ஒருநாள் வந்து இறங்கினார். காலரா என்றார்.

"என்னிக்குண்ணே?" என்று கேட்டாள்.

"அங்க யாரும்மா நாள் பாத்தா?"

இறந்த நாள் தெரியாததால், அவன் லோரி ஏறிய நாளில் படையல் போட்டோம்.