அண்ணன் சொன்ன மூன்று நாள்

நைனா இறந்த காலையில், ஆம்ஸ்டர்டாமில் வேலை செய்யும் அண்ணனுக்குப் போன் செய்தேன். "இன்னா பண்றதுடா, ஃப்ளைட் மாறி மாறி வந்து சேர மூணு நாளாவும். நீயே கொள்ளி வச்சிடு" என்றான். பிணம் எடுக்கும்வரை எங்கள் குப்பத்தில் ஒரு படகும் கடலில் இறங்காது. மூன்று நாள் ஊரைப் பட்டினி போட முடியாதென்று அன்று மாலையே கொள்ளி வைத்தேன். 'மூன்று நாள் பயணம்' என்று நாட்குறிப்பிலும் எழுதினேன்.

போன மாதம், எங்கள் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளைப் பார்க்க ஓர் ஆம்ஸ்டர்டாம்காரர் வந்தார். கல்லில் வெட்டிய தேதிகளை அவருக்குப் படித்துக் காட்டும்போது, அவர் வந்த பயணத்தைப் பற்றிக் கேட்டேன். முந்தின நாள் காலை கிளம்பி, ஒரே ஒரு விமானம் மாறி, மறுநாள் விடிவதற்குள் சென்னையில் இறங்கிவிட்டாராம்.

ஒரு நாள் என்று சொல்லியிருந்தால் ஊரே படகுகளை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். அது அண்ணனுக்குத் தெரியும்.