தாழ்ப்பாளுக்கு மூன்று கோட்டு

தேர்வாய் கண்டிகை ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் பார்க்கும் என் கணவர், லீவு நாளில் எங்கள் வீட்டு இரும்பு கேட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தார். தாழ்ப்பாளையும் விடவில்லை. அதற்கு மட்டும் மூன்று கோட்டு. மறுநாள் அதை அசைக்கவே முடியவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பெயிண்ட் ரிமூவரைத் தடவி, தோல் மாதிரி பொங்கி வந்ததும் பழைய கத்தியால் சுரண்டத் தொடங்கினேன்.

“தாழ்ப்பாளுக்குப் போயி யாராச்சும் இவ்ளோ பெயிண்ட் அடிப்பாங்களா?” என்று கத்தினேன்.

அவர் பக்கத்தில் வந்து நின்றார். “விடிகாலைல நான் வர்றப்போ அது டங்குனு சத்தம் போடுது. உன் தூக்கம் கெட்டுப் போவுதேன்னுதான் அடிச்சேன்.”

என் கை ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகச் சுரண்டினேன்.

“அந்தச் சத்தம் கேக்குற வரிக்கும் நான் இன்னா தூங்கிக்கினா இருக்கேன்?”