ஹாரனுக்கு ஓடிவரும் மாடுகள்

அயர்லாந்தில் நாங்கள் குடியேறிய கிராமத்தில், நான் காரை எடுத்தாலே மாடுகள் ஓடிவந்து வேலியோரம் வரிசையாக நின்றன. மனிதர்கள் இன்னும் என் பெயரைக்கூடக் கேட்காத ஊரில் இப்படியொரு வரவேற்பு. எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஊர் என்றால் ஒரு தேவாலயம், இரண்டு பப், ஓயாத தூறல். சாலை ஒரு கார் அகலம்தான். இருபுறமும் ஆள் உயரப் புதர்வேலி, பத்தடிக்கொரு வளைவு. நானோ பள்ளங்கிக்கும் கொடைக்கானலுக்கும் பன்னிரண்டு வருடம் ஜீப் ஓட்டியவன். வளைவைக் கண்டால் கை தானாக ஹாரனுக்குப் போகும். அடிக்காதவனை எங்கள் மலையில் கொலைகாரனாகத்தான் பார்ப்பார்கள். இங்கும் வளைவுக்கு வளைவு அடித்தேன். அடுத்த வாரம் லைசென்ஸ் டெஸ்ட் வேறு இருந்தது. தேறினால், மனைவி நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தில் எனக்கு வேன் டிரைவர் வேலை. தேறாவிட்டால் வீட்டில் பாத்திரம் கழுவும் வேலை நிரந்தரம்.

ஒரு மாலை, பக்கத்துப் பண்ணைக்காரர் டாம் வந்தார். இரண்டு கோப்பை டீ குடித்து, அரைமணி நேரம் மழையைப் பற்றியே பேசினார். கிளம்பும்போது தொப்பியை மாட்டிக்கொண்டே, "என் மாடுகளுக்கு உங்கள் மேல் கொள்ளைப் பிரியம்" என்றார். நான் மனம் குளிர்ந்து நன்றி சொல்லி அனுப்பினேன்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, அவரு டிராக்டர் ஹாரன் அடிச்சுத்தான் மாட்டுக்குத் தீவனம் வைக்கிறாரு. நீங்க அடிக்கிறப்பல்லாம் அதுக ஓடியாந்து முட்டி, வேலிக் கேட்டே ஒடஞ்சு கெடக்கு. அதத்தான் நாசூக்கா சொல்லிட்டுப் போறாரு."

வெட்கமாகிவிட்டது. மறுநாள் போய்க் கேட்டை நிமிர்த்திக் கட்டிக்கொடுத்தேன். டெஸ்ட் அன்று, கட்டைவிரல் ஹாரன் பக்கம் போய்விடாமல் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தே ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் உயிர் போய் உயிர் வந்தது. டாமின் மாடுகள் கேட்டருகே காத்து நின்றன. சத்தம் காட்டாமல் அவற்றைக் கடந்தபோது துரோகம் செய்வதுபோல் இருந்தது. ஆனால் தேறிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். தம்பியின் ஜீப்பை ஓட்டிக்கொண்டு பள்ளங்கிக்கு இறங்கும்போது, ஒரு வளைவில் எதிரே வந்த பஸ் முட்டுகிற மாதிரி வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏலே, வளைவுல ஹாரன் அடிக்க மாட்ட? வெளியூரா?"

நான் பிறந்த வீட்டின் கூரை அங்கிருந்தே தெரியும். அடுத்த வளைவில் ரோஷத்தோடு அழுத்தி அடித்தேன். கண் தானாகச் சாலையோரம் போனது. சரிவில் மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை.