‘தப்ப’ என்றொரு சொல்

அந்த மாத்திரை நாக்கில் வைத்ததும் கரைந்துவிடும், தண்ணீர்கூட வேண்டாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அம்மா அதை அட்டையிலிருந்து பிதுக்கி நீட்டுவாள். அண்ணி போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து நாக்கைக் காட்ட வேண்டும். அவள் நன்றாகத் தேறிய பிறகும் அந்தச் சோதனை நிற்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பக்கத்து வீட்டார் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து திட்டுவதாக அண்ணிக்கு ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினாள். அதன் பிறகுதான் நானும் அம்மாவும் அவளை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனோம். அவர் பொறுமையாகச் சொன்னார்: முதலில் தூக்கமாக வரும், குரல்கள் அடங்கச் சில வாரங்கள் ஆகலாம், அடங்கிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது, பசி கூடும், அதனால் எடையையும் சர்க்கரையையும் கொழுப்பையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். கடைசியில் எங்கள் ஊர்க் கன்னடத்தில், “ஸ்வல்ப தப்ப ஆக்தாரெ, அஷ்டே” என்றார். கொஞ்சம் குண்டாவார், அவ்வளவுதான் என்று அர்த்தம். அத்தனையையும் விட்டுவிட்டு அம்மா பிடித்துக்கொண்டது அந்த ஒரு சொல்லை.

மாத்திரை வேலை செய்தது. சுவர் வாயை மூடிக்கொண்டது. அண்ணி மகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பினாள், கடைத்தெருவுக்குத் தனியாகப் போய் வந்தாள். கூடவே அகோரப் பசியும் வந்தது, பாவம், உடம்பு ஊதியது. கன்னடத்தில் ‘தப்ப’ என்றால் குண்டு. தமிழில் ‘தப்பா’ என்றால் வேறு. அம்மா இரண்டையும் ஒன்றாகப் போட்டு மென்றாள். “எம் பையன் கட்டிட்டு வந்ததே தப்பாயிடுச்சு” என்று அடுப்படியிலிருந்து கூடத்துக்குக் கேட்கும்படி சொல்வாள். அண்ணன் சிரிப்பான். போகப்போக அண்ணியின் பெயரே தப்பம்மா என்றாயிற்று. இன்னொரு தோசைக்குத் தட்டை நீட்டினால் போதும், தோசைக்கு முன்னால் அந்தப் பெயர் வந்து விழும். என்ன ஜென்மங்களோ!

நான் வேலைக்காகப் பெங்களூர் போய்விட்டேன். ஒருமுறை லீவில் வந்தபோது மாத்திரையின் அளவு கூடியிருந்தது. அண்ணி பட்டப்பகலில் தூங்கி வழிந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“அடுப்படியில இருந்து தப்பம்மா, தப்பம்மான்னு கேக்குதுன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். அவரு அத்தைகிட்ட கேட்டாரு. வீட்ல யாரும் அப்படிக் கூப்பிடறதே இல்ல, இவளுக்குத்தான் கேக்குதுன்னாங்க. அத்தை டாக்டர்கிட்டப் போயி பொய் சொல்லுவாங்களா?”

நிஜமாகவே நம்பியிருந்தாள். சுவர்க் குரல் அடங்கிய மாதிரி இதுவும் அடங்கிவிடும் என்று காத்திருந்தாள். அம்மாவின் வாய் எந்த மாத்திரைக்கு அடங்கும்? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அன்று சாயங்காலம் அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “ஏய் தப்பம்மா, காபி ஆறுது பாரு.”

அண்ணி எழுந்திருக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாப்பா, இப்ப உனக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?” என்றாள்.

“கேட்டுச்சு அண்ணி! நல்லாவே கேட்டுச்சு. அம்மாதான் கூப்பிட்டாங்க” என்று கத்தியேவிட்டேன்.

அம்மா கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, “அடப்பாவமே, இவளுக்கும் ஆரம்பிச்சிடுச்சு போலிருக்கே” என்றாள். அண்ணன் வழக்கம்போலச் சிரித்தான்.

அண்ணி சிரிக்கவில்லை. என் தலையைத் தடவினாள்.

“பயப்படாத பாப்பா. மாத்திரை போட்டா அடங்கிடும்.”