கூரை ஒழுகுகிறதா என்ற கேள்வி

சங்கரன்கோவிலில் நான் வேலை பார்க்கும் அரசு அலுவலகத்தின் பின்பக்கம் பதிவறை இருக்கிறது. முடிந்துபோன கோப்புகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி அடுக்கிவைக்கும் அறை. அதன் பொறுப்பு உதவியாளரான என்னுடையது. கோப்புகள் எந்த நிலையில் இருக்கின்றன, அறை எப்படி இருக்கிறது என்று காலாண்டுக்கு ஒருமுறை மாவட்ட அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் அதைத் தாளில் எழுதி அனுப்பினோம். மேற்குச் சுவரை ஒட்டிக் கூரை ஒழுகுகிறது என்று நானே பலமுறை எழுதியிருக்கிறேன். யாரும் வந்து பார்க்கவில்லை. ஆனால் எழுதவாவது முடிந்தது.

பிறகு அறிக்கை ஆன்லைனுக்குப் போனது. அலுவலகத்தில் அதற்காகச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். இனி நான் எழுதுவது உடனே மேலே இருப்பவர்களின் கண்ணில் படும் என்று நம்பினேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், சிவகிரி பஸ்ஸைவிட்டு இறங்கி நனைந்துகொண்டே வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். 'கூரை ஒழுகுகிறதா?' என்ற கேள்வி வந்தது. 'ஆம்' என்று அழுத்தினேன். உடனே கீழே இன்னொரு கட்டம் திறந்தது: 'பழுது நீக்கப்பட்ட தேதி'. பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. நீக்காத பழுதுக்கு எந்தத் தேதியைப் போடுவது? அடுத்த மாதத் தேதியைப் போட்டுப் பார்த்தேன். வருங்காலத் தேதி செல்லாது என்றது. கோடு போட்டேன். அதுவும் செல்லாது என்றது.

உதவி எண்ணுக்கு போன் போட்டேன். நெடுநேரம் பாட்டுப் பாடவிட்டுவிட்டு ஒரு பையன் எடுத்தான்.

"ஒழுகுதுன்னா ரிப்பேர் டேட் கம்பல்சரி மேடம்."

"இன்னும் ரிப்பேரே பண்ணலியே தம்பி."

"அப்போ 'இல்லை'ன்னு போட்டுடுங்க. போயிடும்."

"கூரை ஒழுகுதே?"

"ஃபார்ம் போகணும்னா அதுதான் மேடம் வழி."

நான் போடவில்லை. மாவட்டப் பட்டியலில் எங்கள் அலுவலகத்தின் பெயர், அறிக்கை அனுப்பாதது என்று சிவப்பு நிறத்தில் நின்றது. அந்த வாரமே வீடியோ கூட்டத்தில் மாவட்ட அதிகாரி காரணம் கேட்டார். சொன்னேன். அவர் முழுவதும் கேட்கவில்லை. "மத்த ஆபீஸ் எல்லாம் எப்படிம்மா முடிச்சாங்க? அவங்க கட்டடமெல்லாம் புதுசா?" என்றார். மற்ற ஊர்களிலும் கூரை ஒழுகுகிறது என்பது திரையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

கூட்டம் முடிந்ததும் கண்காணிப்பாளர் என் மேசைக்கு வந்தார். ஓய்வுபெறப் போகிற மனிதர். யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர்.

"ஏம்மா இந்தப் பாடு படுத? இல்லைன்னு ஒரு அமுக்கு அமுக்கிட்டுப் போவியா..."

"பொய்யில்லியா சார்?"

"கம்ப்யூட்டர் கேக்குதத நாம சொல்லுதோம். நான் மெமோ வாங்கிட்டு வீட்டுக்குப் போகணுமா?"

அவரே தம்முடைய பெயரில் இணையதளத்துக்குள் போய் 'இல்லை' என்று அனுப்பினார். கோப்புகளின் நிலை என்ற இடத்தில் 'நன்று' என்று தானாகவே விழுந்தது. மறுநாள் நாங்கள் பச்சையாகிவிட்டோம். பாராட்டு என்று வாட்ஸ்அப் குழுவில் கைதட்டும் படம்கூட வந்தது. நான் அந்தக் குழுவைத் திறந்து பார்ப்பதையே சில நாள் நிறுத்திவைத்தேன்.

மழை விட்டபின் ராயகிரிப் பக்கத்திலிருந்து ஆடு வளர்க்கும் ஒருவர் வந்தார். ஆடுமாடு குளத்துக்குப் போகும் பாதையை அடைக்கக் கூடாது என்று பல வருடங்களுக்கு முன் எங்கள் அலுவலகம் போட்ட உத்தரவின் நகல் அவருக்கு வேண்டும். பாதையில் ஒருவர் கம்பிவேலி போட்டுவிட்டாராம், வழக்கு நடக்கிறதாம். தேடிப் போனால் அந்தக் கட்டு மேற்குச் சுவரோரம் இருந்தது. நனைந்து காய்ந்து மறுபடி நனைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை மாதிரி ஆகியிருந்தது. பிரித்தால் கையோடு வந்தது.

வெளியே வந்து அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"வக்கீல் சொல்லுதாரும்மா, காகிதம் இருந்தா நகல் வாங்கு, இல்லன்னா கெட்டுப்போச்சுன்னு எழுதி வாங்குன்னு. ரெண்டுல ஒண்ணு குடுங்க, போயிருதேன்."

நியாயமான பேச்சு. மழைநீரால் சேதமடைந்துவிட்டது என்று சான்று தட்டச்சு செய்து கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். கண்காணிப்பாளர் படித்துவிட்டு வைத்துவிட்டார்.

"ஒழுகலன்னு அனுப்பியிருக்கோம். இப்ப மழைத் தண்ணின்னு எழுதினா, எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்க மாட்டானா?"

"அவரு கேஸ் என்ன சார் ஆகும்?"

நான் அந்தக் கட்டைத் தூக்கிவந்து அவர் மேசைமேல் வைத்தேன். அப்படிச் செய்தது முறையில்லைதான். ஆனால் அவரே கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன். கதவருகே நின்ற ஆட்டுக்காரரும் உள்ளே வந்து அதைப் பார்த்தார். கண்காணிப்பாளர் ஓரத்தை விரலால் நெம்பிப் பார்த்தார். ஒரு துண்டு உதிர்ந்தது. பிறகு என் தாளில் 'மழைநீரால் சேதமடைந்துவிட்டது' என்பதை அடித்துவிட்டு, 'பிரித்தெடுக்க இயலாத நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நீதிமன்றம் அந்த வாக்கியத்தை எப்படி எடுத்துக்கொண்டதோ, எனக்குத் தெரியாது. ஆட்டுக்காரர் திரும்பி வரவில்லை.

அன்றே கூரையைச் சரிசெய்யக் கேட்டுக் கடிதம் தயாரித்தேன். கண்காணிப்பாளர் மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டார். கட்டடப் பிரிவிலிருந்து பதில் வந்தது: தங்கள் அலுவலகம் இணையவழியில் அளித்த அறிக்கையின்படி கூரையில் ஒழுக்கு இல்லை, எனவே கோரிக்கையை ஏற்க இயலாது.

அதை அவரிடம் காட்டினேன். ஒருமுறைக்கு இருமுறை படித்தார். "நான் இதை நெனைக்கலம்மா" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இருவருமாகச் சேர்ந்து மேற்குச் சுவர்க் கட்டுகளை என் அறைக்கு மாற்றினோம். இப்போது நாற்காலியை நகர்த்த இடமில்லை. யாராவது வந்தால் கட்டுகளைத் தாண்டித்தான் வர வேண்டும். ஏன் இப்படி என்று கேட்கிறவர்களுக்கு, நானும் விடாமல் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.