மங்கி எரிந்த கார் வெளிச்சம்

பிள்ளைகளே, நேற்று நான் வேலையால் ஏன் பிந்தி வந்தேன் என்று கேட்டீர்கள். டீட்டிகோன் நகரில் எங்கள் கராஜுக்கு ஒரு பழைய ஒஸ்ரின் கார் வந்திருந்தது. சிவப்புச் சிக்னலில் நின்றால் அதன் முன்விளக்கு மங்கிவிடுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது மின்சாரம் குறைவாகத் தரும் பழைய டைனமோவை வைத்திருக்கலாமா, அதைக் கழற்றி, எப்போதும் வெளிச்சம் மங்காத புதிய அல்டர்னேட்டர் போடலாமா என்று சொந்தக்காரர் கேட்டார். சுரங்கப்பாதைகளில் ஓடுகிறவர் என்பதால் மாற்றச் சொன்னேன்.

உங்கள் அப்பப்பா ஊரில் வாடகைக்கு ஓடியதும் அப்படியொரு ஒஸ்ரின்தான். சண்டைக் காலத்தில், பொழுதுபட்டபின் எங்கள் ஒழுங்கையில் ஒரு வாகனம் திரும்பினால், இராணுவமோ என்று வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம். என் அம்மா வேலி நீக்கலால் பார்ப்பார்.

"ஆமியோ அம்மா?"

"இல்லையடா. பள்ளத்திலை மெதுவாக்க லைற் மங்குது, பிறகு எரியுது. கொப்பர்தான்."

ஆமி வாகனத்தின் வெளிச்சம் அப்பாவின் காரைப் போல மங்காமல் ஒரே சீராக வரும். விளக்கைத் திருத்தச் சொல்லி ஆட்கள் அப்பாவைப் பகிடி பண்ணினால் அம்மா சொல்லுவார்: "அவரின்ரை கார் நல்லா வெளிச்சம் போட்டால் எனக்கெல்லோ நெஞ்சு பதறும்."

அப்பாவும் படலைக்கு முன்னால் எஞ்சினை ஒருமுறை இரையவிட்டு, வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டிவிட்டே காரை நிறுத்துவார். அதன்பிறகுதான் அம்மா புட்டை அடுப்பில் ஏற்றுவார்.

நேற்று எல்லோரும் போனபின் அந்தக் காரை ஸ்ரார்ட் செய்து விளக்கைப் போட்டேன். சுவரில் விழுந்த வெளிச்சம் மங்கும்வரை பார்த்திருந்து, அப்பாவைப் போல எக்ஸிலேட்டரை ஒருமுறை மிதித்தேன். பிறகு நிறுத்திவிட்டு டைனமோவைக் கழற்றினேன்.